ஓமந்தையில் அரை மணித்தியாலம்: போர்க்கால வடக்குக்குத் தனிப் பொருளாதாரம் இருந்ததா?

செம்மண் எழுதியது:

போரால் மூடிக் கிடந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தபோது எனக்கு 19 வயது. மாமாவின் லொறியில் கிளீனராகப் போனேன். யாழ்ப்பாணத்தில் சின்ன வெங்காயம் ஏற்றித் தம்புள்ளைக்குப் போவோம். திரும்பி வரும்போது மரக்கறி, பிளாஸ்டிக் சாமான், கிடைத்ததை ஏற்றுவோம்.

முகமாலையில் முதலில் இராணுவச் சாவடி. பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தார் நிற்கும் சூனியப் பிரதேசம். அதைத் தாண்டினால் புலிகளின் சாவடி. கிளிநொச்சி, மாங்குளம் கழிந்து புளியங்குளத்தில் மறுபடி புலிகள், ஓமந்தையில் மறுபடி இராணுவம். ஒவ்வொரு இடத்திலும் மூட்டை இறக்கி ஏற்ற வேண்டும். கம்பியால் மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள். குத்துப்பட்ட வெங்காயம் அடுத்த நாளே மணக்கத் தொடங்கிவிடும். தம்புள்ளையில் வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு, ஈரம் பட்டால் விலையைக் குறைத்துவிடுவார்.

இன்னொன்று. 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது கொழும்பு அரசு கடிகாரத்தை முன்தள்ளியது. யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே தங்கள் கையில் இருந்த வன்னியில் புலிகள் அதை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தார்கள். நாங்கள் ஓடிய காலத்தில் இரண்டு பக்கத்துக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம். மாமா கையில் ஒரு மணிக்கூடு, ஸ்டியரிங்கில் கட்டிய இன்னொரு மணிக்கூடு. எந்தச் சாவடி எந்த நேரத்தில் மூடும் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.

நேரம் மாறியது, சட்டம் மாறியது, பொலிஸ் மாறியது, சீருடை மாறியது. மாமாவின் சேட்டுப் பையில் இருந்த காசு மட்டும் மாறவில்லை. எல்லாப் பக்கமும் அதே இலங்கை ரூபாய்தான். புலிகளும் வரியை ரூபாயில்தான் எடுத்தார்கள், 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகமும் ரூபாயில்தான் நடந்தது.

அதனால் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நாடு இரண்டாகப் பிரிந்தது, பொருளாதாரம் பிரியவில்லை. ஒரே வீட்டுக்கு நடுவில் ஒரு வாசல் வைத்து, அந்த வாசலுக்கு இரண்டு பூட்டுப் போட்டார்கள். திறப்பு வைத்திருந்தவர்கள்தான் விலையைத் தீர்மானித்தார்கள். அந்தக் காலத்தை அறிந்தவர்கள் சொல்லுங்கள், சரியா பிழையா?

கணக்கப்பிள்ளை எழுதியது:

தம்பி செம்மண், நான் அந்தக் காலத்தில் வன்னியில் ஒரு அரச அலுவலகத்தின் கணக்குக் கிளையில் இருந்தவன். நீர் சொல்வதில் பெரிய பகுதி சரி. வெளியூர்த் தோழர்களுக்கு நம்பச் சிரமமான ஒன்றைச் சொல்கிறேன்.

புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அரசாங்க அதிபர் இருந்தார், கச்சேரி நடந்தது. (இந்தியத் தோழர்கள் குழம்ப வேண்டாம். எங்கள் ஊரில் அரசாங்க அதிபர் என்றால் மாவட்ட ஆட்சியர், கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம்.) ஆசிரியர், வைத்தியர், தாதி, கிராம அலுவலர், தபால்காரர் எல்லாருக்கும் சம்பளம் கொழும்பு திறைசேரியிலிருந்துதான். ஓய்வூதியமும் அப்படித்தான். பாடப் புத்தகம், பள்ளிச் சீருடைத் துணி, ஆஸ்பத்திரி மருந்து, இடம்பெயர்ந்தவர்களுக்கு உலர் உணவு நிவாரணம், எல்லாம் அரசு அனுப்ப வேண்டியவை. அனுப்பினார்கள். ஆனால் அளவைக் குறைத்தும் தாமதித்தும் அனுப்பினார்கள். மருந்தையே ஆயுதமாக்கினார்கள் என்று எங்கள் சனம் சொன்னதில் பொய்யில்லை.

சம்பளக் காசு வவுனியாவிலிருந்து வரவேண்டும். பாதை பூட்டினால் சம்பளமும் பூட்டு. அலுவலக வாசலில் ஒரு வேப்பமரம், அதன் கீழே நீள வாங்கு. மாதக் கடைசியில் ஆசிரியைமார் பிள்ளைகளோடு வந்து அதில் இருப்பார்கள். யாரும் என்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள், என் முகத்தை மட்டும் பார்ப்பார்கள். காசு வந்துவிட்டது என்றால் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேனாம், அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அரசு ஏன் எதிரியின் பகுதிக்குச் சம்பளம் அனுப்பியது? நிறுத்தினால் அங்கே தனக்கு ஆட்சி இல்லை என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். புலிகள் ஏன் அதை அனுமதித்தார்கள்? பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தாங்கள் செலவழிக்கத் தேவையில்லை, வரியில் வந்ததைப் போருக்குப் போடலாம். இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. கடையில் கொழும்புச் சம்பளத்தில் ஒரு கிலோ சீனி வாங்குகிறீர்கள், அந்தச் சீனியில் புலிகளின் வரி இருக்கிறது. அதாவது அரசின் சம்பளக் காசில் ஒரு பங்கு சீனி வழியாக, மீன்ரின் வழியாகப் புலிகளிடம் போனது. இது கொழும்புக்கும் தெரியும்.

மருதம் எழுதியது:

இரண்டு பேரையும் மதித்துத்தான் எழுதுகிறேன், ஆனால் "வாசல்" என்று சொல்லி முடிப்பது அந்தக் காலத்தை வாழ்ந்த சனத்துக்கு அநியாயம்.

நான் 90க்கும் 95க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் பள்ளி மாணவி. கொழும்பு அரசின் பொருட்தடை. பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை, யூரியா இல்லை, மின்சாரம் அறவே இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் கொழும்பு விலையைப் போலப் பல மடங்கு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய், மூடியில் துளை போட்டு ஒரு திரி. அந்த விளக்கில் படித்துத்தான் நாங்கள் சோதனை எழுதினோம். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா பெடலைச் சுற்றுவார், டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். அண்ணாவுக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபடும். பெற்றோல் சொட்டு விட்டுக் காரை ஸ்டார்ட் பண்ணி, ஓடத் தொடங்கினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம்.

தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கழற்றிப் பதுங்குகுழிக்குப் போட்டோம். 1990 ஜூனோடு யாழ்தேவி நின்றுவிட்டது. தண்டவாளம் இனி ரயிலுக்குத் தேவையில்லை, உயிருக்குத்தான் தேவை.

பொருண்மிய மேம்பாட்டு நிறுவனம் என்று தொடங்கிப் பண்ணை, தோட்டம், சிறு உற்பத்தி எல்லாம் நடந்தன. பொலிஸ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது. கொழும்பு கையை விட்ட இடத்தில் ஒரு சமூகம் தன் கையால் சமைத்துச் சாப்பிட்டது. அதையும் எழுதுங்கள்.

செம்மண் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன எதையும் மறுக்கமாட்டேன். எங்கள் வீட்டிலும் அதே ஜாம் போத்தல்தான். ஆனால் சனத்தின் கெட்டித்தனம் வேறு, பொருளாதாரம் வேறு. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்க்கு அவ்வளவு விலை வந்தது எப்படி? யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் கிளாலிக் கடல்நீரேரியில் இரவில் படகு ஓடியது. கடற்படை சுட்டது, சனம் செத்தது. தப்பி வந்த சாமானில் படகுக்காரனின் பயத்துக்கும் விலை போட வேண்டும், இடையில் வரி போட வேண்டும், பதுக்கி வைத்தவனுக்கும் கொடுக்க வேண்டும். தடை போட்டவன் ஒரு பூட்டு, வரி போட்டவன் மற்றப் பூட்டு. நடுவில் நின்று கொழுத்த வியாபாரிகள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள், தெற்கிலும் இருந்தார்கள்.

உற்பத்தியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் போருக்கு முன்னால் போக வேண்டும். 1970க்கும் 77க்கும் இடையில் சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. நாட்டில் பாதிப் பேர் பாணுக்கு வரிசையில் நின்றார்கள். யாழ்ப்பாண விவசாயிக்கோ அது பொற்காலம். மிளகாயும் வெங்காயமும் விற்று வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தனா இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார், வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்கின. சுன்னாகம் சந்தையில் விலை விழுந்த அதே காலத்தில்தான் பல்கலைக்கழகத் தரப்படுத்தலின் (தமிழ் மாணவர்களிடம் அனுமதிக்குக் கூடுதல் புள்ளி கேட்ட முறை) கோபமும் இருந்தது. தோட்டமும் கைவிட்டது, படிப்பும் கைவிட்டது. அந்த வீடுகளின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தொழிற்சாலைகளையும் பாருங்கள். ஆனையிறவில் உப்பு விளைந்தது. அந்த உப்பிலிருந்து பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இலிருந்து ஓடி 1990இல் நின்றது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்ற சங்கிலி அது. போர் அந்தச் சங்கிலியை அறுத்தது. அதற்குப் பிறகு வடக்கில் மிஞ்சியது சம்பளம், நிவாரணம், வெளிநாட்டுக் காசு. இந்த மூன்றும் வெளியிலிருந்து வருபவை. வாசல் வழியாகத்தான் வர முடியும்.

இராமநாதபுரத்தான் எழுதியது:

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், ஒரு சந்தேகம் கேட்கிறேன். வெளிநாட்டுக் காசு என்று சொல்கிறீர்கள். போர் நடந்த இடத்துக்கு, பாதை மூடிய காலத்தில் எப்படிப் பணம் வந்தது? உண்டியல் என்று பழைய பதிவுகளில் பார்த்தேன். எங்களுக்கு உண்டியல் என்றால் கோயில் உண்டியல்தான்.

வடதுருவம் எழுதியது:

நான் கனடாவில் இருக்கிறேன், 90களில் மாதா மாதம் உண்டியலில் காசு அனுப்பியவன். சொல்கிறேன்.

இங்கே ஒரு கடைக்காரரிடம் டொலரைக் கொடுப்பேன். அவர் ஊரில் உள்ள தன் ஆளுக்குத் தகவல் சொல்வார். அந்த ஆள் சைக்கிளில் அம்மாவிடம் போய் ரூபாயாகக் கொடுப்பார். நான் கொடுத்த டொலர் இங்கேயேதான் இருக்கும், ஊரில் கொடுபட்ட ரூபாய் அங்கேயேதான் இருந்தது. கடைக்காரருக்கும் ஊர் ஆளுக்கும் இடையிலான கணக்கைக் கொழும்பில் சரக்கு வாங்கியோ வேறு வழியிலோ பிறகு தீர்த்துக்கொள்வார்கள். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. எனக்குத் தெரிந்து ஒரு தடவைகூட அம்மாவுக்குக் காசு போகாமல் விடவில்லை.

செம்மண் தம்பிக்கு இதில் ஒரு திருத்தம். இந்தக் காசு உங்கள் வாசல் வழியாகப் போகவில்லை, மேலால் பறந்து போனது. ஆனால் போய் இறங்கியதும் எதை வாங்கினார்கள்? வாசலால் வந்த அதே சீனியைத்தான். வெளிநாட்டில் பிள்ளை இருந்த வீடு எந்த விலை கொடுத்தும் வாங்கியது. பக்கத்து வீட்டில் வெளிநாட்டில் யாரும் இல்லை. விலை இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். நாங்கள் அனுப்பிய காசே அவர்களின் விலையையும் ஏற்றியது. அதை அந்த நேரம் நான் யோசிக்கவில்லை, இப்போது யோசிக்கிறேன்.

எழுவான்கரை எழுதியது:

யாழ்ப்பாணம், வன்னி இரண்டோடும் கதை முடிந்துவிடுகிறது எப்போதும். மட்டக்களப்பையும் பாருங்கள்.

எங்களுக்கு வாவிதான் எல்லை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை: பட்டினம், கடை, இராணுவம். படும் பக்கம் படுவான்கரை: வயல், மாடு, புலிகள். நெல் அந்தப் பக்கம், ஆலை இந்தப் பக்கம். மண்முனைத் துறையில் பாதையில் ஏற்றித்தான் நெல்லைக் கொண்டுவர வேண்டும். (பாதை என்பது எங்களுக்கு வாகனம் ஏற்றும் மிதவை. பாலம் 2014இல்தான் வந்தது.) துறைக்கு அந்தப் பக்கம் வரி. இந்தப் பக்கம் இறங்கினால் யாருக்கு நெல், எத்தனை மூட்டை, ஏன் என்று விசாரணை. போகும்போது உரம் கொண்டுபோனால் குண்டு செய்யவா என்று கேட்பார்கள். உரம் இல்லாமல் விளைந்த நெல்லுக்கு ஆலைக்காரர் கொடுப்பதுதான் விலை.

2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா அவர்களிடமிருந்து பிரிந்தார். அதற்குப் பிறகு எங்களுக்கு வாசல் மூன்று. யாருக்குக் கொடுத்தாய் என்று மற்றவன் கேட்பான். கொடுத்ததற்காகவும் ஆள் செத்தது, கொடுக்காததற்காகவும் செத்தது. என் பெரியப்பா அந்த வருடம் 11 ஏக்கரில் 3 ஏக்கர் மட்டும் விதைத்தார். கேட்டதற்கு, "கண்ணில படுகிற அளவுக்கு விளையக் கூடாது மகன்" என்றார்.

போர்ப் பொருளாதாரம் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். இந்த ஒரு வசனத்தைப் போல எதுவும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை.

உப்பளத்து ஆசிரியை எழுதியது:

நான் புத்தளத்தில் படிப்பிக்கிறேன். இந்த இழையில் இவ்வளவு நேரமும் ஒரு பகுதி வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்கு ஒக்டோபர் 30 அன்று கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் பணமும் பறிக்கப்பட்டு, சில நூறு ரூபாயோடு உடுத்த துணியில் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் வந்து தங்கியது எங்கள் மாவட்டத்தில், ஓலைக் கொட்டிலில்.

இதை மனித உரிமை மீறல் என்று மட்டும் பேசுகிறார்கள். பொருளாதாரமாகவும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இரும்புச் சாமான் கடை, தையல், லொறிப் போக்குவரத்து, பழைய இரும்பு வியாபாரம், இதிலெல்லாம் முஸ்லிம்கள் முக்கியமான இடத்தில் இருந்தார்கள். தெற்கிலும் மலையகத்திலும் அவர்களுக்கு உறவும் கடன் தொடர்பும் இருந்தன. ஒரு கடைக்காரனின் உண்மையான முதல் என்ன? யாரிடம் எவ்வளவு கடனுக்கு வாங்கலாம், யார் திருப்பித் தருவார் என்ற அறிவு. இரண்டு மணித்தியாலத்தில் அது முழுக்க அழிந்தது. கொள்ளையடித்தவர்களுக்குச் சாமான் கிடைத்திருக்கும், அந்த அறிவு கிடைத்திருக்காது.

என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை தன் விலாசத்தைச் "சோனகத் தெரு, யாழ்ப்பாணம்" என்று எழுதினான். அவன் பிறந்தது புத்தளத்தில், அந்தத் தெருவைக் கண்டதே இல்லை. திருத்தச் சொல்லி எனக்கு மனம் வரவில்லை.

மருதம் அக்கா, "ஒரு சமூகம் தன் கையால் சமைத்துச் சாப்பிட்டது" என்று எழுதினீர்கள். அந்தச் சமூகத்தில் எங்களுக்கு இலை போடவில்லை.

மருதம் எழுதியது:

ஆசிரியை, நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த நாள் எனக்கு 12 வயது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை அடுத்த நாள் வரவில்லை. ஏன் என்று வீட்டில் கேட்டேன், சத்தம் போடாதே என்றார்கள். நாங்கள் சத்தம் போடவேயில்லை. நீங்கள் சொன்னது சரி.

மாத்தளை மைந்தன் எழுதியது:

இந்த இழை முழுக்க வடகிழக்கு. தெற்கின் கணக்கையும் வைக்கிறேன், ஏனென்றால் போர் நடந்தது இரண்டு பக்கத்தின் காசிலும்தான்.

90களில் பாதுகாப்பு வரி என்று ஒன்று இருந்தது. பிறகு அதற்குத் தேசிய பாதுகாப்பு வரி என்று பெயர். 2002 ஓகஸ்டில் வற் (மதிப்புக்கூட்டு) வரி வந்தபோதுதான் போனது. கடையில் பொருள் வாங்கிய ஏழை எளியது எல்லாம் அதைக் கட்டியது, தமிழனும் உட்பட. எங்கள் மலையகத் தோட்டத் தொழிலாளி வாங்கிய சாமானிலும் குண்டுக்கான காசு இருந்தது. அந்தத் தொழிலாளி கொழும்புக்குப் போனால் அடையாள அட்டையைப் பார்த்துப் புலி என்று பிடிப்பார்கள்.

இன்னொரு பக்கம். 77க்குப் பிறகு அரச வேலை சுருங்கியது, கைத்தொழில் கொழும்பைச் சுற்றியே வளர்ந்தது. மேல் மாகாணம் ஒன்றே நாட்டு உற்பத்தியில் ஏறக்குறையப் பாதியை வைத்திருந்தது. அனுராதபுரம், குருநாகல் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பையனுக்குச் சாதாரண தரப் பரீட்சை முடித்ததும் நிரந்தரச் சம்பளம் தரும் ஒரே இடம் இராணுவம். வீடு கட்டினார்கள், தங்கைக்குக் கல்யாணம் செய்தார்கள். சிலரின் சம்பளம் இறந்த பின்னும் அம்மாவுக்கு வந்தது. அந்த வீடுகளில் நான் சாப்பிட்டிருக்கிறேன். கண்ணாடிக்குள் சீருடைப் படம், அதற்கு முன்னால் சின்ன மின்விளக்கு, அருகில் அந்தக் காசில் வாங்கிய தொலைக்காட்சி. தாராளப் பொருளாதாரமும் போரும் ஒன்றுக்கு ஒன்று எதிரி என்று சொல்வார்கள். எங்கள் நாட்டில் கிராமத்து வேலையின்மையைப் போர் விழுங்கிக்கொண்டதால்தான் தாராளமயம் அவ்வளவு எதிர்ப்பில்லாமல் நடந்தது என்பது என் கருத்து.

கொழும்புக்கு வலித்த நாட்களும் உண்டு. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டு. 2001 ஜூலை 24இல் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல். அதன் பிறகு கப்பல்களுக்குப் போர் ஆபத்துக் காப்புறுதிக் கட்டணம் ஏறியது, உல்லாசப் பயணிகள் நின்றார்கள். அந்த ஆண்டு சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது. அடுத்த பெப்ரவரியில் போர்நிறுத்தம் கையெழுத்தானதற்கு இதற்கும் பெரிய பங்கு உண்டு. 2003 ஜூனில் தோக்கியோவில் கூடிய உதவி நாடுகள் மீள்கட்டுமானத்துக்கு 450 கோடி டொலர் தருவதாகச் சொன்னார்கள். புலிகள் அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. யார் கையில் அந்தக் காசு போகும் என்பதிலேயே சமாதானம் முறியத் தொடங்கியது.

2009இல் போர் முடிந்த பிறகும் இராணுவம் சுருங்கவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2023 ஜனவரியில்தான் 2030க்குள் தரைப்படையை ஒரு லட்சமாகக் குறைப்போம் என்றார்கள். 14 வருடம் கழித்து! தென்பகுதிக் கிராமத்தின் அரிசிப் பானை அதில் தொங்குகிறது, எந்த அரசும் அதைத் தொடப் பயப்படுகிறது.

நெய்தல் எழுதியது:

இராமநாதபுரத்து அண்ணா வந்திருப்பதால் கடலையும் சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் எங்களுக்கு இரவில் தொழிலுக்குப் போகத் தடை, பெரிய என்ஜினுக்குத் தடை, கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு மேல் போகத் தடை. 1990இல் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டு ஓடினோம், 2017 ஜூலையில்தான் திருப்பித் தந்தார்கள். 27 வருடம். அதற்குள் கடலைத் தெரிந்த தலைமுறை ஒன்று முகாமில் கிழடாகிவிட்டது.

நாங்கள் போக முடியாத கடலில் உங்கள் பக்க இழுவைப்படகுகள் வந்தன. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, உங்களிலும் எத்தனையோ பேரைக் கடற்படை சுட்டது. ஆனால் போர் முடிந்து நாங்கள் கடன்பட்டு வலை வாங்கிப் போட்டால், விடிய அந்த வலை இல்லை. 2017இல் இங்கே இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கடலுக்கு அது இன்னும் தெரியாது.

இராமநாதபுரத்தான் எழுதியது:

நெய்தல், நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. எங்க அப்பாவும் கூலிக்குத்தான் படகுல போனார், படகு முதலாளி வேற. கடனை அடைக்க மீன் எங்கே இருக்கோ அங்கே போ என்பார் முதலாளி. உங்க போரில் எங்க முதலாளிகளும் சம்பாதிச்சாங்க என்று இந்த இழையைப் படிச்ச பிறகுதான் புரியுது. இதை எங்க பக்கத்தில் பேச வேண்டும்.

கூட்டுறவுக்காரி எழுதியது:

நான் வன்னியில் ஒரு கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறேன். செம்மண் தம்பி சொன்ன வாசலைக் கழற்றிய பிறகு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

2009இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து சனம் வெளியில் வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. நகை இல்லை, மாடு இல்லை, காணி உறுதி இல்லை, பல வீடுகளில் ஆம்பிளை இல்லை. நிவாரணத் தகரக் கொட்டில் முழுதாக நிமிரும் முன்பே லீசிங் கொம்பனிகள் வந்துவிட்டன. உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி. முதல் இல்லாமல் கையெழுத்தை மட்டும் போடு என்றார்கள். எத்தனையோ வருடம் கடையில் புதுச் சாமான் காணாத சனம், போட்டார்கள்.

பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய். நல்ல திட்டம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டத் தொடங்கியதும் சீமெந்தும் மணலும் கூலியும் ஏறின. காசு முடிய வீடு முடியவில்லை. மிச்சத்துக்கு நுண்கடன். ஐந்து பெண்களைக் குழுவாக்குவார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கணவனைக் கடைசிப் போரில் இழந்தவர். ஒரு கொப்பி வைத்திருந்தார். திங்கள் ஒரு கொம்பனி, புதன் ஒரு கொம்பனி, வெள்ளி ஒரு கொம்பனி. திங்கட்கிழமைக் கடனைக் கட்டப் புதன்கிழமைக் கடன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோழி இட்ட முட்டைக் கணக்கு. மூன்று கொம்பனியையும் அந்த முட்டையில் கட்ட முடியுமா என்று என்னிடம் பெருக்கிப் பார்க்கச் சொன்னார். நான் இரண்டு தரம் பெருக்கினேன்.

2018இல் அரசு வறட்சி மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனில் ஒரு லட்சம் ரூபாய் வரை தள்ளுபடி செய்தது. மத்திய வங்கி வட்டிக்கு உச்சவரம்பு போட்டது, 35 சதவீதம்! 35ஐ உச்சமாக வைக்க வேண்டி வந்தது என்றால் அதற்கு முன் என்ன வாங்கியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

வாசல் இருந்தபோது சாமான் உள்ளே வரக் கஷ்டம். வாசலைக் கழற்றியதும் எல்லாம் வந்தது, வெளியே அனுப்பத்தான் எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. பரந்தன் இல்லை, காங்கேசன்துறை இல்லை. காணியில் ஒரு பகுதி இராணுவத்திடம். மாகாணங்களில் மொத்த உற்பத்தியில் கடைசி இடம் எங்களுக்கு. இரண்டு பூட்டையும் உடைத்தார்கள் தம்பி, வீட்டுக்குள் அடுப்பு மூட்டித் தரவில்லை.

செம்மண் எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நான் தொடக்கத்தில் எழுதியதில் இரண்டைத் திருத்துகிறேன். பொருளாதாரம் பிரியவில்லை என்றேன். அது காசுக்குத்தான் சரி. 1990இல் முஸ்லிம்கள் போனபோது, மயிலிட்டி போனபோது, உண்மையிலேயே பிரிந்தது. ஆசிரியையும் நெய்தலும் சொன்னதற்குப் பிறகு அதை விட்டுவிட முடியாது. அடுத்தது, வாசலைத் திறந்தால் சரியாகிவிடும் என்று 19 வயதில் நினைத்தேன். கூட்டுறவுக்கார அக்காவின் கொப்பியைப் படித்த பிறகு அதையும் சொல்லமாட்டேன்.

ஆனையிறவில் 2025 மார்ச்சில் உப்புத் தொழிற்சாலையைத் திறந்தார்கள். அப்போது பக்கற்றில் "ரஜ லுணு" என்று சிங்களப் பெயர் போட்டிருந்தார்கள். ஆனையிறவு உப்பு என்று போடச் சொல்லி எங்கள் சனம் கேட்டது. தெற்கில் சிலருக்கு அது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கலாம். அந்த உப்பளத்து மண்ணுக்காக நடந்த சண்டைகளில் எத்தனை பிள்ளைகள், இரண்டு பக்கத்திலும், அந்த வெளியில் கிடக்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உம்முடைய மாமா சாவடிகளில் வரி கட்டிய ரசீதுகள் ஏதும் மிச்சம் இருக்கா? என்ன சாமானுக்கு எந்த ஆண்டு எவ்வளவு வரி என்று நாங்கள் எல்லாரும் ஞாபகத்தில்தான் பேசுகிறோம். என்னுடைய பேரேடுகள் 2009இல் கடைசிப் போர் நடந்த மாத்தளனோடு போய்விட்டன. காகிதம் உள்ளவர்கள் படம் எடுத்தாவது போடுங்கள்.

செம்மண் எழுதியது:

அண்ணை, மாமா காலமாகி நாலு வருடம். லொறியை விற்றபோது சீற்றுக்குக் கீழே இருந்த பிஸ்கற் ரின்னை மாமி எடுத்து வைத்தவ. அதற்குள் ரசீதுகள் இருந்ததாக ஞாபகம், அந்த இரண்டாவது மணிக்கூடும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டுக்குப் போகிறேன், பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.